பல கைகளும் ஒரே முத்திரையும்

தம்பானூர் இரயில் நிலையத்தை அறியாத தமிழர் திருவனந்தபுரத்தில் இல்லை எனலாம். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வேலை தேடி வருவோர் முதலில் கால் வைக்கும் இடம் அது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் திரும்புவோர் டிக்கட்டுக்காகக் காத்து நிற்கும் இடமும் அதுவே. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர்களுக்கும் இத்தகைய ஒரு நிலையமும், அங்கு நின்ற வரிசைகளும் நினைவில் இருக்கும்.

கணிப்பொறி வருமுன் இரயில்களில் இட ஒதுக்கீடு எவ்வாறு நடைபெற்றது என்பதை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். பெரிய பெரிய ஏடுகளில் பெயர்களைக் கையால் எழுதினார்கள். ஒரு வண்டிக்கு ஓர் ஏடு. அவ்வேடு எந்தக் கவுண்ட்டரில் இருக்கிறதோ அங்கேதான் அந்த வண்டிக்கு இடம் கேட்கலாம். சென்னை வண்டியின் கவுண்ட்டரில் நூறு பேர் வேர்வை வழிய நிற்பார்கள். அடுத்த கவுண்ட்டர் எழுத்தரோ கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பார். அவருக்கு உதவ மனமில்லை என்பதன்று. ஏடு அவரிடம் இல்லை. ஆகவே கைகள் பல இருப்பதனால் மட்டும் வேலை விரைந்து நடந்துவிடாது. எல்லாக் கைகளுக்கும் வேண்டிய பொருள் ஒன்றே ஒன்றாக இருக்குமானால், பத்துக் கைகளும் ஒரு கையாகிவிடும்.

இன்றைய கணிப்பொறிகளிலும் இதே செய்தியைக் காண்கிறோம். அதனை நாம் கற்றுக்கொண்டது தம்பானூரிலேயே, ஒரு மாடியறையில். அந்தக் கதையையே இன்று சொல்ல விரும்புகிறோம்.

மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை முதல் நகுலன், ஆ. மாதவன், நீல பத்மநாபன் வரை தமிழில் எழுதிய பலர் திருவனந்தபுரத்தில் வாழ்ந்தவர்கள். அவர்களைப்போல் பெயர் பெறாத எளிய மனிதர் பலரும் ஆண்டு மலர்களிலும் கையெழுத்து இதழ்களிலும் எழுதினார்கள். இந்நகரத் தமிழர் சிலர் நடத்தும் சிறு படிப்பகம் ஒன்றில் அத்தகைய மலர்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஏறத்தாழ 6,000 பக்கங்கள். தாள்கள் பழுத்து, மடித்தால் ஒடியும் நிலைக்கு வந்துவிட்டன. அவற்றைப் படம் பிடித்து, படத்திலுள்ள எழுத்தைக் கணிப்பொறியைக் கொண்டு படிக்கச் செய்து, எந்தச் சொல் எந்த ஆண்டில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு சொல்லடைவு செய்ய வேண்டும் என்பது நமது நோக்கம். மலையாள மண்ணில் வாழ்ந்த தமிழர் எந்தச் சொல்லை விட்டார்கள், எதனை ஏற்றார்கள் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை அன்றோ?

பிழை திருத்தும் பொறுப்பை எண்பதைக் கடந்த ஒரு பெரியவர் ஏற்றுக்கொண்டார். அந்த மலர்களில் எழுதியவர்களை நேரில் அறிந்தவர் அவர் ஒருவரே. ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. மற்றொரு கண்ணை நம்பித்தான் மாலைதோறும் படியேறி வந்தார். ஆகவே நமக்கு இருந்த காலம் அளவானது.

எம்மிடம் இருந்த கணிப்பொறியில் நான்கு 'கோர்'கள். கோர் என்பது செயலியின் உட்கரு. தானே தனித்துக் கணக்குச் செய்யவல்ல பகுதி. ஒரு செயலி ஒரு கவுண்ட்டர் அலுவலகம் என்றால், நான்கு கோர் என்பது நான்கு எழுத்தர்கள். முன்னாளில் ஒரே எழுத்தரை மேலும் மேலும் விரைந்து எழுதச் செய்வதே பொறியாளர் கண்ட வழி. விரைவு மிக மிகச் சில்லு சூடேறியது. அச்சூட்டைத் தணிப்பது அரிதாயிற்று. ஆகவே ஓர் எழுத்தரை விரட்டுவதை விடுத்து, பல எழுத்தர்களை அமர்த்தத் தொடங்கினார்கள். 2001-ல் ஐ.பி.எம். நிறுவனம் பவர்-4 என்னும் செயலியில் இரண்டு கோர்களை ஒரே சில்லில் அமைத்தது. 2005-ல் இண்டெல், ஏ.எம்.டி. ஆகியவை மேசைக் கணிப்பொறிகளுக்கும் இரட்டைக் கோர்களைத் தந்தன. இன்று சட்டைப் பையிலுள்ள கைப்பேசியிலும் பல கோர்கள் உண்டு.

வேலைக்கு நாம் தேர்ந்துகொண்ட மொழி பைத்தான். கைடோ வான் ரோசம் என்னும் டச்சு நாட்டவர் 1991-ல் வெளியிட்ட மொழி இது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் இடம்பெற்றுள்ளது. இங்கே லினக்ஸ் கணிப்பொறியில் எழுதிய நிரலை மும்பையிலுள்ள நண்பர் விண்டோசிலும், பெங்களூர் நண்பர் மேக்கிலும் இயக்கலாம். பல ஊர்களில் சிதறி வாழும் தமிழர் ஒரு வேலையில் கைகோக்க இது பேருதவி. ஆயினும் இந்தப் பெருமையிலும் ஒரு பள்ளம் மறைந்திருந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் சொல்லடைவு வேலையை ஓர் எழுத்தரைக் கொண்டே செய்து பார்த்தோம். நூறு நிமிடம் ஆயிற்று. நான்கு கோர்கள் இருக்க ஒன்று மட்டும் உழைப்பானேன் என்று நிரலை நான்கு 'திரெட்'களாக, அதாவது நான்கு இழைகளாகப் பிரித்தோம். இருபத்தைந்து நிமிடத்தில் முடியும் என்று எதிர்பார்த்துத் தேநீர் அருந்தச் சென்றோம். திரும்பி வந்து பார்த்தால் வேலை பாதியும் ஆகவில்லை. முடிவில் நூறு நிமிடத்திற்குச் சற்று மேலேயே ஆகியிருந்தது.

காரணம் யாது? பைத்தானின் உள்ளே ஒரு முத்திரை உண்டு. அதனைக் 'குளோபல் இண்டர்பிரிட்டர் லாக்' என்பர்; சுருக்கமாக 'கில்'. எந்த இழை பைத்தான் கட்டளையை நிறைவேற்ற விரும்பினாலும் அம்முத்திரையைக் கையில் வைத்திருக்க வேண்டும். இழைகள் நான்காயினும் முத்திரை ஒன்றுதான். நான்கு எழுத்தர்களும் அதனை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி வாங்கி வேலை செய்தார்கள். வாங்குவதிலும் கொடுப்பதிலும் சிறிது பொழுது வீணாயிற்று. நமது ஐந்து நிமிட இழப்பு அங்கேதான் போயிற்று.

இந்த முத்திரையை வைத்தவர்கள் அறியாமல் வைக்கவில்லை. பைத்தானில் ஒவ்வொரு பொருளும் தன்னை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை வைத்திருக்கும். எண்ணிக்கை சுழியானால் அப்பொருள் நீக்கப்படும். இப்போது ஒரு பொருளின் எண்ணிக்கை 5 என்று கொள்வோம். இரண்டு இழைகள் ஒரே கணத்தில் 5 என்று படித்து, ஒன்றைக் கூட்டி, இரண்டும் 6 என்று எழுதினால் என்னாகும்? சரியான விடை 7. ஓர் எண் தவறினால், இன்னும் ஒருவர் கையிலிருக்கும் பொருள் குப்பைக்குப் போய்விடலாம். ஒரே படுக்கையை இரு எழுத்தர்கள் இரு குடும்பங்களுக்கு விற்றுவிட்டால் நள்ளிரவில் வண்டியில் என்ன நேரும் என்பதை நேயர்கள் அறிவீர்கள். அந்தச் சண்டை வராமல் காக்கவே முத்திரை. பைத்தான் பிறந்த நாளில் பெரும்பாலான கணிப்பொறிகளில் எழுத்தர் ஒருவரே. ஆகவே முத்திரையால் எவருக்கும் இடையூறு இருக்கவில்லை.

இழைகளால் பயனே இல்லையோ எனின், உண்டு. எழுத்தர் தொலைபேசியில் விடைக்காகக் காத்திருக்கும்போது முத்திரையை அடுத்தவரிடம் கொடுத்துவிடுகிறார். வலையிலிருந்து கோப்பு வருவதற்கும், வேறொரு நிரல் தன் வேலையை முடிப்பதற்கும் காத்திருக்கும் வேளைகள் அத்தகையவை. படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் வேலைக்கு நாம் 'டெசராக்ட்' என்னும் தனி நிரலை அழைத்தோம். பைத்தான் அதனை ஏவிவிட்டுக் காத்திருப்பதே வேலை. ஆகவே அங்கே நான்கு இழைகள் நன்றாகவே பயன்பட்டன. பக்கத்துக்குப் பத்து வினாடி வீதம் 16 மணி 40 நிமிடம் ஆகவேண்டிய வேலை ஓர் இரவில் முடிந்தது. அங்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருந்தது. டெசராக்டின் நான்காம் பதிப்பு முதல் அந்நிரல் தானாகவே நான்கு இழைகளை எடுத்துக்கொள்ளும். நாம் நான்கு பிரதிகளை ஏவ, ஒவ்வொன்றும் நான்கு இழைகளை எடுக்க, நான்கு இருக்கைகளுக்குப் பதினாறு பேர் முண்டியடித்தார்கள். 'ஓ.எம்.பி. திரெட் லிமிட்' என்னும் அமைப்பை 1 என்று வைத்த பின்னரே அமைதி பிறந்தது.

எனவே காத்திருக்கும் வேலை வேறு, கணக்கிடும் வேலை வேறு. சொல்லடைவு இரண்டாம் வகை. அதற்கு வேண்டியது இழை அன்று. தனித்தனி 'பிராசஸ்', அதாவது தனிச்செயல். ஒரே அலுவலகத்தில் நான்கு எழுத்தர்களை அமர்த்தாமல், நான்கு அலுவலகங்களைத் திறந்து, ஒவ்வொன்றிற்கும் தனி ஏடும் தனி முத்திரையும் கொடுத்துவிடுவது போன்றது இம்முறை. இதற்கான 'மல்ட்டிபிராசஸிங்' என்னும் தொகுதி 2008-ல் பைத்தான் 2.6-உடன் வந்தது. அதனினும் எளிதாகக் கையாளத்தக்க 'கன்கரண்ட் ஃபியூச்சர்ஸ்' என்னும் தொகுதி 2011-ல் 3.2-ஆம் பதிப்பில் சேர்ந்தது.

நமது இரயில்வே கண்ட வழியும் இதனை ஒத்ததே. 1985-ல் தில்லியில் கணிப்பொறி வழி இட ஒதுக்கீடு தொடங்கியது. பின்னர் தில்லி, மும்பை, கொல்கத்தா, செகந்திராபாத், சென்னை என ஐந்து மையங்கள் அமைந்தன. ஒவ்வொரு மையமும் தன் பொறுப்பிலுள்ள வண்டிகளின் கணக்கைத் தானே வைத்துக்கொண்டது. 1999-ல் ஐந்தும் இணைக்கப்பட்டன. மும்பையில் நின்று சென்னை மையத்து வண்டிக்கு இடம் கேட்டால், கேள்வி சென்னைக்குப் போய் விடை மும்பைக்குத் திரும்பியது. ஏடு இடம் பெயரவில்லை. செய்தி மட்டுமே பயணம் செய்தது.

தனிச்செயல்களிலும் இச்செய்திப் போக்குவரத்திற்குக் கூலி உண்டு. ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்திற்கு அனுப்பும் ஒவ்வொன்றையும் மூட்டை கட்டி, அங்கே அவிழ்க்க வேண்டும். ஒரு பக்கத்திற்கு ஒரு மூட்டை என்று அனுப்பினால் கட்டுவதிலேயே பொழுது போய்விடும். ஆகவே நூறு பக்கங்களுக்கு ஒரு மூட்டை என்று அனுப்பினோம். பக்கங்களின் எழுத்தையே அனுப்பாமல், கோப்பின் பெயரை மட்டும் அனுப்பி, அங்கேயே திறந்து படிக்கச் செய்தோம். ஒவ்வொரு தனிச்செயலும் தன் பங்குப் பக்கங்களுக்கு ஒரு சிறு அடைவு செய்தது. முடிவில் நான்கையும் ஒன்றாகச் சேர்த்தோம். நூறு நிமிட வேலை முப்பத்து மூன்று நிமிடத்தில் முடிந்தது.

நான்கு கைகள் உழைத்தும் இருபத்தைந்து ஆகாமல் முப்பத்து மூன்று ஆனது ஏன் எனின், சேர்த்து வரிசைப்படுத்தும் கடைசி வேலையைப் பங்கிட இயலவில்லை. அதற்குப் பத்து நிமிடம். மீதித் தொண்ணூறு நிமிடம் நான்காய்ப் பிரிந்து இருபத்திரண்டரை ஆயிற்று. இரண்டும் சேர்ந்து முப்பத்திரண்டரை. எட்டுக் கோர் இருந்தால் இருபத்தொன்றேகால். ஆயிரம் கோர் வாங்கினாலும் பத்து நிமிடத்திற்குக் கீழே இறங்காது. இவ்வுண்மையை ஜீன் ஆம்டால் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1967-ல் எடுத்துரைத்தார். பங்கிட இயலாத பகுதி எவ்வளவோ அதுவே விரைவிற்கு எல்லை.

தம்பானூரிலிருந்து சில கல் தொலைவிலுள்ள தும்பையில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், 2011-ல் 'சாகா-220' என்னும் மீக்கணிப்பொறி அமைந்தது. நான்கு கோர் கொண்ட 400 செயலிகளும், 400 வரைகலைச் செயலிகளும் அதில் இருந்தன. வினாடிக்கு 220 இலட்சம் கோடி கணக்குகள் செய்யும் ஆற்றல். விண்கலத்தைச் சுற்றிப் பாயும் காற்றைக் கணக்கிடுவோர் அவ்வெளியைச் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு செயலியிடம் ஒப்படைக்கிறார்கள். எல்லைக் கட்டங்களின் செய்தி மட்டும் அண்டைச் செயலிக்குச் செல்லும். அளவு பெரிது, முறை நமது மாடியறையில் கண்டதே.

முப்பத்து மூன்று நிமிடமானது எமக்கு எத்தகைய உதவி என்பது மறுநாள் மாலையில் தெரிந்தது. பெரியவர் அடைவைப் புரட்டிக்கொண்டே வந்தவர், "கொல்லத்தை இரண்டு ஊராக்கிவிட்டீர்களே!" என்றார். பார்த்தால், 'கொல்லம்' என்னும் சொல் அடைவில் இரண்டு இடங்களில் இருந்தது. கண்ணுக்கு ஒரே எழுத்து. ஆனால் 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியைக் கணிப்பொறி ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். நமக்கு ஒன்றாகத் தோன்றுவது அதற்கு இரண்டு. கொல்லம் மட்டுமா? 'கோட்டாறு', 'தோவாளை', 'பொங்கல்' எல்லாமே இரண்டிரண்டாயின. எழுத்துகளை ஒருமைப்படுத்தும் ஒரு வரியைச் சேர்த்து மீண்டும் இயக்கினோம். அவர் காப்பி குடித்து, செய்தித்தாளை முடிக்குமுன் புதிய அடைவு வந்துவிட்டது. அன்று மாலையே மேலும் இரண்டு பிழைகளைக் கண்டு மேலும் இரண்டு முறை இயக்கினோம்.

முன்னிருந்த முறையில் ஒரு மாலைக்கு ஒரு முயற்சிதான் கைகூடியிருக்கும். பிழையை அவர் காட்ட, விடையை மறுநாள் அவரிடம் காட்ட வேண்டியிருக்கும். ஒரு நாளில் எத்தனை முறை தவறித் திருத்திக்கொள்ள இயலும் என்பதே விரைவின் உண்மையான பயன் என்று அப்போது உணர்ந்தோம். இயந்திரத்தின் நேரம் எங்கும் விலைக்குக் கிடைக்கும். அப்பெரியவரின் நேரம் கிடைக்காது.

இனி, முன்னர்ச் சொன்ன பள்ளத்திற்கு வருவோம். நிரலை மும்பை நண்பருக்கு அனுப்பினோம். அவருடைய விண்டோஸ் கணிப்பொறியில் அது பிழைச்செய்திகளைக் கொட்டி நின்றுவிட்டது. எழுத்து ஒன்றும் மாறவில்லை, நிலம்தான் மாறியது. எமது லினக்ஸ் கணிப்பொறியில் புதிய தனிச்செயல் என்பது உள்ள எழுத்தரை அப்படியே நகலெடுப்பது. அவர் அறிந்ததெல்லாம் நகலுக்கும் தெரியும். விண்டோசில் புதிய ஆளையே அமர்த்துகிறார்கள். அவர் நிரலை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குவார். அங்கே 'நான்கு பேரை அமர்த்து' என்று எழுதியிருந்தால் அவரும் நான்கு பேரை அமர்த்த முனைவார். இதனைக் கண்டு பைத்தான் பிழை என்று நிறுத்திவிடுகிறது. 'இக்கோப்பு முதன்மையாக இயக்கப்பட்டால் மட்டுமே ஆள் அமர்த்து' என்னும் பொருள்பட, 'நேம்' என்பது 'மெயின்' ஆக இருக்கிறதா என்று கேட்கும் ஒரு வரியைச் சேர்ப்பதே மருந்து. மேக் கணிப்பொறிகளிலும் 2019-ல் வந்த 3.8 முதல் புதிய ஆளை அமர்த்தும் முறையே இயல்பாயிற்று. லினக்சிலும் 2025-ல் வந்த 3.14 முதல் பழைய நகல் முறை இயல்பான வழியாக இல்லை. ஆகவே எந்த நிலத்தில் எழுதினாலும் அந்த வரியை எழுதுவதே அறிவுடைமை. தம் வீட்டில் ஓடுவதனாலேயே ஒரு நிரல் எங்கும் ஓடும் என்று நம்புதல் ஆகாது.

முத்திரையையே எடுத்துவிட்டால் என்ன என்று நேயர்கள் வினவலாம். 1990-களிலேயே கிரெக் ஸ்டைன் என்பவர் அதனை எடுத்துப் பார்த்தார். தனி இழையின் வேகம் பெரிதும் குறைந்தமையால் அம்முயற்சி ஏற்கப்படவில்லை. பின்னர் சாம் கிராஸ் என்பவர் வகுத்த திட்டம் 2023-ல் ஏற்கப்பட்டது. 2024 அக்டோபரில் வந்த 3.13-ல் முத்திரையற்ற பைத்தான் சோதனை முறையில் கிடைத்தது. 2025 அக்டோபரில் வந்த 3.14-ல் அது முறையான ஆதரவு பெற்றது. வேண்டுவோர் தனியே நிறுவிக்கொள்ள வேண்டும். தனி இழையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை வேகம் குறையலாம். அதற்கெனச் சீர்செய்யப்படாத பழைய தொகுதி ஒன்றைச் சேர்த்தால் முத்திரை திரும்ப வந்துவிடும். இங்கே அலுவலகம் முழுமைக்கும் ஒரு முத்திரை என்பது நீங்கி, வண்டிக்கு ஓர் ஏடு என்பதுபோல் பொருளுக்கொரு சிறு பூட்டு வருகிறது. எனினும் பலர் ஒரே ஏட்டில் எழுத முனைந்தால் வரிசை மீண்டும் வரும். கணக்குத் தவறாமல் காக்கும் பொறுப்பும் நிரலை எழுதுவோரையே சாரும். எதைப் பகிர்வது, எதைத் தனித்தனியே கொடுப்பது என்று முன்னரே எண்ணிப் பார்க்கும் கடமையை எந்தப் புதிய பதிப்பும் நம்மிடமிருந்து எடுத்துவிடாது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர் பலருடைய சங்கங்களிலும் படிப்பகங்களிலும் இத்தகைய மலர்கள் கட்டிக் கிடக்கின்றன. அவற்றை எழுதியவர்களை அறிந்த பெரியவர் ஒருவரேனும் ஒவ்வோர் ஊரிலும் இருப்பார். இளைஞர் பலரிடம் நான்கோ எட்டோ கோர் கொண்ட கணிப்பொறி இருக்கிறது. அதில் பெரும்பகுதி பகல் முழுதும் சும்மா இருக்கிறது. கட்டுகளைப் பிரித்து ஊருக்கு ஒரு பங்காக எடுத்துக்கொள்ளுங்கள். அவரவர் பங்கிற்கு அவரவர் ஏடு; முடிவில் ஓரிடத்தில் சேர்ப்பு. இம்முறையில் மும்பையின் வேலைக்காகத் தில்லி காத்திருக்க வேண்டுவதில்லை.

எமது சொல்லடைவு இன்னும் முடியவில்லை. மாலை ஆறு மணிக்குப் பெரியவர் படியேறி வருவார். நேற்று அவர் காட்டிய பிழைகளைத் திருத்திப் புதிய அடைவை அச்சிட்டு வைத்திருக்கிறோம். அவருக்காக எழுத்தைச் சற்றுப் பெரிதாக.